சுழி சுத்தம் சரி, குளம்பு சுத்தமா?

கேள்வி: கோவையில் இருக்கிறோம். மகள் நான்கு வருடமாக ரைடிங் ஸ்கூலுக்குப் போகிறாள். இப்போது ஷோ ஜம்பிங்குக்கு, அதாவது தடை தாண்டும் போட்டிக்கு, சொந்தக் குதிரை வேண்டும் என்கிறாள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 6 வயது தரோபிரெட் இனக் குதிரை ஒன்றைப் பார்த்தோம். விலை 2.75 லட்சம். "சுழி சுத்தம், புது லாடம் அடிச்சு ரெடியா நிக்குது" என்கிறார் விற்பவர். முன்னங்கால் குளம்பு இரண்டிலும் வளையம் வளையமாகக் கோடு தெரிகிறது. வாங்கலாமா?

பதில்: சுழியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுகிறேன். அந்தியூர்ச் சந்தையில் நெற்றிச் சுழியையும் கழுத்துச் சுழியையும் அரை மணி நேரம் ஆராய்ந்துவிட்டு, ஒரு காலைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் உண்டு. நானும் அப்படி ஏமாந்தவன்தான். குளம்புக்கு எண்ணெய் பூசி மினுமினுவென்று காட்டினார்கள். இருபதாவது நாள் குளிப்பாட்டும்போது பக்கவாட்டில் அடைத்திருந்த பசை கையோடு பெயர்ந்து வந்தது. உள்ளே, மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் மயிர்க்கோட்டிலிருந்து கீழே இறங்கும் வெடிப்பு.

அதனால் விற்பவர் பெருமையாகச் சொன்ன "புது லாடம்"தான் எனக்கு நெருடுகிறது. புது லாடம் குளம்பின் விளிம்பை மறைக்கும். மெல்லிய அடிப்பாகத்தின் வலியையும் கொஞ்ச நாள் மறைக்கும். கழற்றிய பழைய லாடம் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குதிகாலில் வலி இருந்து நுனியை முதலில் ஊன்றி நடந்திருக்கலாம். பழையது இல்லை என்றால், உங்கள் லாடக்காரரைக் கூட்டிப்போய் முன்னங்கால் லாடங்களைக் கழற்றிப் பாருங்கள், திரும்ப அடிக்கும் கூலியை நாங்களே தருகிறோம் என்று சொல்லுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அந்தக் குதிரையை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

இனி வளையத்துக்கு வருவோம். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். நுனிப்பக்கம் மேலிருந்து தரைவரை முழுசாகப் புதுப்பிக்க ஒரு வருடம் ஆகும். ஆக அது ஒரு டைரி. மயிர்க்கோட்டுக்கு 3 செ.மீ. கீழே ஒரு வளையம் இருந்தால், மூன்று, நான்கு மாதத்துக்கு முன் என்னவோ நடந்திருக்கிறது. தீவனம் மாறியிருக்கும், காய்ச்சல் வந்திருக்கும், லாரியில் நெடும்பயணம் போயிருக்கும். சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓடும் வளையங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் போகப் போக அகலமாகவும் விரிகிற வளையம் வேறு கதை. அது லேமினைட்டிஸின் தடம். குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்துவைத்திருக்கும் திசுமடிப்புகள் வீங்கித் தளரும் நோய் அது. காலைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பாகம் கிண்ணம்போல் குழிந்திருக்க வேண்டும். தட்டையாகவோ புடைத்தோ இருந்து, சுவரும் அடிப்பாகமும் சேருகிற வெள்ளைக்கோடு அகன்றிருந்தால், தாண்டும் விளையாட்டுக்கு அந்தக் குதிரை வேண்டாம். தடையைத் தாண்டி இறங்கும்போது முழு எடையையும் முதலில் வாங்குவது முன்னங்கால்தான்.

பந்தயத்திலிருந்து வருகிற தரோபிரெட்டுகளுக்குப் பொதுவாகச் சுவரும் அடிப்பாகமும் மெல்லிசு. நுனி நீண்டு குதிகால் தாழ்ந்திருக்கும். இது மட்டும் என்றால், நல்ல லாடக்காரர் நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை சீவிச் சீவி ஒரு வருடத்தில் பெருமளவு சரிசெய்வார். கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் ரொம்ப மெல்லிசு. நடுவில் ரப்பர்போல முக்கோணமாக இருக்கும் ஃபிராக்கில் கறுப்பாகக் கசிந்து நாறினால், ஈரக் கொட்டடியில் நின்று வந்த அழுகல். ஆழமாகப் போகாதவரை குணமாகிவிடும், விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

பார்ப்பதைவிட நடக்கவிடுவது முக்கியம். சொல்லாமல் காலையிலேயே போய்விடுங்கள். குதிரை அன்று கொட்டடியை விட்டு வெளியே வந்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் நடந்து உடம்பு சூடேறினால் சில நொண்டல்கள் மறைந்துவிடும். மண்ணில் வேண்டாம், கெட்டித் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேராக டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான மெல்லோட்டம்) ஓட்டச் சொல்லுங்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இரண்டு காலிலும் வலி என்றால் தலை ஆடாது. அடி மட்டும் குறுகி, முட்டை ஓட்டின் மேல் நடப்பதுபோல் வரும். இதைத்தான் பலரும் "அமைதியான குதிரை" என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு வலமாகவும் இடமாகவும் வட்டம் சுற்றவிடுங்கள்.

கடைசிச் செலவு டாக்டருக்கு. விற்பவரின் டாக்டர் வேண்டாம், குதிரை பார்த்துப் பழகிய உங்கள் டாக்டர். ஹூஃப் டெஸ்டர் என்ற இடுக்கியால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்ப்பார், கணுக்காலுக்குப் பின்னால் நாடி பிடிப்பார், காலைக் கொஞ்ச நேரம் மடக்கி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார், முன்னங்கால் எக்ஸ்ரே எடுப்பார். குதிகாலில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலி தெரியாமலிருக்க நரம்பை வெட்டிவிட்டு விற்கும் பழக்கமும் உண்டு. அன்றே ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஃபீனைல்பியூட்டசோன் மாதிரி வலிமருந்து கொடுத்து ஓட்டிக் காட்டியிருந்தால் பின்னால் அதுதான் சாட்சி.

கேள்வி: குதிரை வாங்கிப் பத்து நாளில் நொண்டுகிறது. விற்பவர் போனை எடுப்பதில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் டாக்டரைக் கூப்பிடுங்கள், பிறகு வக்கீலை. பத்து நாளில் லாட ஆணி தவறாக இறங்கியோ சீழ் கட்டியோ நொண்டியிருக்கலாம், அது விற்பவர் குற்றமில்லை. பழைய நோய் என்று டாக்டர் சொன்னால் தேதியோடு எழுதி வாங்குங்கள். சட்டத்தின் கண்ணில் குதிரையும் அசையும் பொருள்தான். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16, பொதுவாகப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்கிறது. ஆனால் "தாண்டுவதற்காக வாங்குகிறேன்" என்று நீங்கள் சொல்லி, குதிரை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரின் பேச்சை நம்பி வாங்கியிருந்தால், அந்த வேலைக்குத் தகுதியானதைத் தருவது அவர் கடமை. அந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். தொழில்முறை வியாபாரி விற்று, நீங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கெடு 2 வருடம். தெரிந்த நண்பர் ஒருமுறை விற்ற குதிரை என்றால் அங்கே வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: வெள்ளைக் குளம்பு சீக்கிரம் உடையும், கறுப்புதான் உறுதி என்கிறார் மாமா. உண்மையா?

பதில்: நிறமிதான் வேறு, உறுதி ஒன்றுதான். மாமா வேண்டாம் என்று ஒதுக்கிய வெள்ளைக்குளம்புக் குதிரையின் விலை இறங்கியிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.