இடது எது, வலது எது?

கேள்வி: பிரிட்டனின் ‘நைட்மேர்’ சிறுவர் நிகழ்ச்சியை யூடியூபில் பார்த்தேன். கோட்டைக்குள் நடக்கிற பிள்ளைக்கு ஏன் கண்ணை மறைத்துத் தலைக்கவசம் மாட்டிவிடுகிறார்கள்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அங்கே கோட்டையே இல்லை, அதனால்தான். 1987 முதல் 1994 வரை ஐடிவி சேனலில் வந்த நிகழ்ச்சி அது. நாரிச் நகரில் ஆங்லியா தொலைக்காட்சி தயாரித்தது. பிள்ளை நடந்தது நீலம் பூசிய வெறும் அறையில். கேமராவில் நீலம் தெரிகிற இடமெல்லாம், ஓவியர் டேவிட் ரோ ஏர்பிரஷால் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) தீட்டிய கோட்டை அறைகளின் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கவசத்தைக் கழற்றினால் பிள்ளை பார்ப்பது நீலச் சுவரைத்தான். போட்டிருக்கும்போது தன் காலடி மட்டும் தெரியும். கூட வந்த மூன்று பேர் டிவியைப் பார்த்து வழி சொல்ல வேண்டும்.

மனிதத் தோலில் நீலம் குறைவு என்பதால் அந்த நிறம். நீலச் சட்டையோடு நின்றால் வயிற்றில் கற்சுவர் தெரியும்! தரையில் நிழல் அழுத்தமாக விழுந்தாலும் நீலம் கறுத்து, படம் சரியாக ஒட்டாது. ஆகவே வெளிச்சம் எல்லா மூலையிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

எட்டு சீசன்களில் வென்றவை எட்டே அணிகள். முதல் சீசனில் ஒன்றுகூட இல்லை. புதிர்கள் ஒரு பக்கம் இருக்க, வழி சொல்வதே பெரும்பாடு. பிள்ளை கேமராவைப் பார்த்து நின்றால் திரையின் இடப்பக்கம் அவனுக்கு வலப்பக்கம். ‘இடப்பக்கம் திரும்பு’ வேறு, ‘திரும்பாமல் இடப்பக்கம் ஓரடி நகர்’ வேறு. பள்ளத்தின் ஓரத்தில் இதைக் குழப்பினால் ஆட்டம் முடிந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் அப்படித்தான்.

கேள்வி: இதை வீட்டில் விளையாட முடியுமா?
- வாசகர், நாமக்கல்

பதில்: தாராளமாக. கூடத்தைக் காலி செய்து, 60 சென்டிமீட்டர் கட்டங்களாக நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு, சாக்பீஸால் போடுங்கள். ஏழெட்டுக் கட்டங்களில் பெருக்கல் குறி: அவை பள்ளம். தொப்பியின் முன்புறம் அட்டையை ஒட்டி, மூக்குவரை தொங்கவிடுங்கள். கண்ணை இறுகக் கட்ட வேண்டாம். காலடி தெரிந்தால்தான் பிள்ளை பயமில்லாமல் நடக்கும். அலமாரி மேல் ஒரு போனை வைத்து, பின்பக்கக் கேமராவில் வீடியோ கால் போட்டு, அடுத்த அறையில் வழிகாட்டிகளை உட்கார வையுங்கள். படம் கொஞ்சம் தாமதமாக வரும். ‘நில்’ என்பதை ஓரடி முன்னதாகவே சொல்லப் பழக்குங்கள். ‘போ’ என்று மட்டும் சொன்னால் பிள்ளை போய்க்கொண்டே இருக்கும். ‘இரண்டடி முன்னால்’ என்று எண்ணிக்கையோடு சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நடக்கட்டும்.

கேள்வி: இதைவிடப் பழைய விளையாட்டு ஏதாவது, செலவில்லாமல்?
- வாசகி, காரைக்குடி

பதில்: பிபிசியின் ‘கிராக்கர்ஜாக்’ 1955-லேயே தொடங்கியது. அதில் ‘டபுள் ஆர் டிராப்’ என்று ஒரு பகுதி. சரியான பதிலுக்குப் பரிசுப் பொருளைக் கையில் கொடுப்பார்கள்; தப்பானால் முட்டைக்கோஸ். எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று கீழே விழுந்தாலும் அவுட், மூன்றாவது முட்டைக்கோஸ் வந்தாலும் அவுட். வீட்டில் விளையாடும்போது டப்பா, பந்து, தலையணை எனப் பொருந்தாத உருவங்களைக் கலந்து கொடுங்கள். ஒரே மாதிரிப் பெட்டிகளென்றால் அடுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடிச் சாமான் கூடாது. தோற்ற பிள்ளைக்கும் அங்கே நிகழ்ச்சியின் பெயர் பொறித்த பென்சில் உண்டு. அந்தப் பென்சிலை மறந்துவிடாதீர்கள்.