ராஜாவிடம் நியாயம் கேட்டவர்

கே: நண்பர்களோடு கோவா போனபோது கப்பல் கேசினோவில் போக்கர் ஆடினேன். என் கையில் இரண்டு ஏஸ். எதிராளி கையில் இரண்டு ராஜா. இருவர் பணமும் முழுசாக நடுவில். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் சீட்டுகளில் கடைசியாக இன்னொரு ராஜா வந்து விழுந்தது. மூன்று ராஜா என் ஏஸ் ஜோடியை அடித்துவிட்டது. அந்த எரிச்சலில் கண்டபடி ஆடி, மேற்கொண்டு வாங்கிய சிப்ஸையும் (பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் வில்லைகள்) ஒரு மணி நேரத்தில் விட்டேன். சரியாக ஆடியவனுக்கு எரிச்சல் வருவது நியாயம்தானே? அதை அடக்க வழி உண்டா? (பெயர் போட வேண்டாம், வீட்டில் தெரியாது.)
ஒரு வாசகர், கோவை

ப: பெயரை எடுத்துவிட்டேன். கோவையில் கோவா போய் வந்தவர்கள் ஏராளம், ஊர் இருந்தால் பாதகமில்லை.

நீங்கள் எரிச்சலைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அந்த 'நியாயம்'. நம் ஆட்களுக்கு இதன் மேல் தீராத ஆசை. ஆட்டோக்காரர் "நியாயமாப் பாத்துக் குடுங்க சார்" என்பார். நியாயமாகப் பார்த்துக் கொடுத்தால் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வருவார். காய்கறிக் கடையில் "நியாயமா ஒரு விலை சொல்லும்மா" என்று ஆரம்பித்துக் கடைசியில் கறிவேப்பிலையை இலவசமாகப் பிடுங்கிக்கொண்டு வருவோம். பெண் வீட்டாரிடம் அறுபது பவுன் கேட்டவர்களைப் பற்றித் தரகர் "ரொம்ப நியாயமான மனுஷங்க" என்று சான்றிதழ் கொடுப்பார். நியாய விலைக் கடை என்று பலகையே மாட்டி வைத்திருக்கிறோம், அங்கே போனால் பருப்பு இன்னும் வரவில்லை. இப்படிப் பூமியில் எங்கேயும் கிடைக்காததை மாண்டவி ஆற்றில் மிதக்கும் ஒரு கப்பலில், 52 சீட்டிடம் போய்க் கேட்டிருக்கிறீர்கள். கலைத்துப் போட்டவருக்கே அடுத்த சீட்டு என்னவென்று தெரியாது. எதிரே இருப்பவர் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த ராஜாவுக்கு யார் சொல்வது?

கணக்கைப் பாருங்கள். இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மோதினால் நூற்றுக்கு 82 தடவை ஏஸ் ஜெயிக்கும். மீதி 18 தடவை யாராவது ஒருவர் உங்களைப் போல உட்கார்ந்திருப்பார். ஐந்தாறு முறைக்கு ஒரு முறை நடப்பதற்கு அநியாயம் என்று பெயர் வைத்தால், இரண்டு குழந்தையும் பெண்ணாகப் பிறந்த வீடெல்லாம் வழக்குப் போட வேண்டியதுதான்.

உங்கள் துக்கம் புரியாமல் இல்லை. இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. மேசையில் மணிக்கு முப்பது ஆட்டம் நடந்தால் பெரிய விஷயம். அதாவது ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு முறை வரும். அத்தனை நேரம் குப்பைச் சீட்டுகளைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பொறுமை காத்தவனுக்கு, இது எனக்குச் சேர வேண்டியது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சீட்டுக்கட்டு நமக்குப் பாக்கி வைத்திருக்கிறது, வசூலிக்காமல் எழுந்திருப்பதா என்று தோன்றுகிறது. நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து நடந்ததை நீங்கள் எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன். ஒரு ராஜாவும் ஏழும் வந்திருக்கும், வேறு வேறு ஜாதியில். காலையில் வந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் கவிழ்த்திருப்பீர்கள். இப்போது மட்டும், 'அவனுக்கு ராஜா வந்ததே, எனக்கு வராதா?' ஏறின பணத்தைக் கட்டி உள்ளே போனீர்கள். நடுவில் ஒரு ஏழு விழுந்தது. எதிராளி பெரிதாகக் கட்டினார். அவரிடம் பெரிய ஜோடி இருக்கிறது என்று தெரியும். தெரிந்தே, என்னதான் வைத்திருக்கிறான் பார்த்துவிடலாம் என்று காசு போட்டுப் பார்த்தீர்கள். இதற்குப் போக்கர் ஆட்கள் 'டில்ட்' என்கிறார்கள். தன் தப்பு தனக்கே தெரிந்தும் கை தன்னால் சிப்ஸைத் தள்ளுகிற நிலைமை.

இன்னொன்றும் நடந்திருக்கும். நீங்கள் தோற்றதும் மேசையில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகி இருப்பார்கள். "ஆட்டம் பிரமாதம் சார், சீட்டுதான் சதி பண்ணிடுச்சு" என்று ஒருவர். "இது ரொம்ப அநியாயம்" என்று இன்னொருவர். ஜெயித்தவரே "சாரி" சொல்லியிருப்பார். பழகிய ஆட்டக்காரர்கள் தோற்றவனைக் கிண்டல் செய்ய மாட்டார்கள், கிண்டல் செய்தால் எழுந்து போய்விடுவான். அனுதாபம் சொன்னால் இன்னொரு முறை சிப்ஸ் வாங்குவான். அந்த ஊரில் உங்களுக்கு நியாயம் பேசிய அத்தனை பேரும் உங்கள் பணத்துக்கு வரிசையில் நின்றவர்கள்.

சரி, எரிச்சல். அதை ஏன் அடக்க வேண்டும்? அமெரிக்காவில் ஃபில் ஹெல்முத் என்று ஒருவர். 1989இல், 24 வயதில், உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தவர். தோற்றால் எழுந்து நின்று கத்துவார், எதிராளிக்கு ஆடவே தெரியாது என்று அறைக்கே அறிவிப்பார். போக்கர் உலகின் அடங்காப்பிள்ளை என்றே பட்டப்பெயர். அவர்தான் அந்தத் தொடரில் 2023 வரை 17 பட்டங்கள் வாங்கியிருக்கிறார், வேறு யாரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. கத்துவது வாய். சீட்டைக் கவிழ்ப்பது கை. அவருக்கு இரண்டும் வேறு வேறு இலாகா.

இந்த இடத்தில் பத்துப் பேர் தருமரைப் பற்றிக் கடிதம் எழுதத் தயாராகிறீர்கள் என்று தெரியும். சூது என்று அச்சானாலே தருமரைக் கூட்டி வருவது நம் வாசகர் வழக்கம். வரட்டும், அவர் என் கட்சிக்காரர். அந்தச் சபையில் கோபப்பட்டவர் பீமன். அண்ணன் கையை எரிக்க வேண்டும், நெருப்பைக் கொண்டுவா என்று சகதேவனிடம் கத்தியவர் அவர்தான், அவர் ஆடவே இல்லை. தருமர் குரலைக்கூட உயர்த்தாமல் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், மனைவியை வைத்தார். அமைதியாக இருந்து என்ன லாபம்? எழுந்திருக்கத் தெரியவில்லையே!

1979இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் எழுதிய பிரபலமான கட்டுரையில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: நஷ்டத்தோடு சமாதானம் ஆகாதவன், மற்ற நேரத்தில் தொடவே மாட்டாத பந்தயத்தையும் தொடுவான். குதிரைப் பந்தயத்தில் பொழுது சாயச் சாய, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரைகள் மேல் அதிகப் பணம் விழுவதற்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். விட்டதைப் பிடிக்கிற ஆசை.

அடக்குவதைப் பற்றி நான் சொல்லக்கூடிய உருப்படியான விஷயம் போக்கரில் இல்லை, மெல்போர்னில் இருக்கிறது. பிப்ரவரி 1981, ஆஸ்திரேலியாவோடு மூன்றாவது டெஸ்ட். கவாஸ்கர் 70 ரன்னில் இருக்கும்போது லில்லி பந்தில் எல்பிடபிள்யூ. பந்து மட்டையில் பட்டது என்று கவாஸ்கருக்கு உறுதி. போகிற போக்கில் எதிரே நின்ற சேத்தன் சௌகானையும் 'நீயும் வா' என்று இழுத்துக்கொண்டு நடந்தார். இருவரும் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆட்டம் கையைவிட்டுப் போயிருக்கலாம். அணி மேலாளர் துரானி கோட்டருகே ஓடிவந்து சௌகானைத் திருப்பி அனுப்பினார். அப்புறம் நடந்தது சரித்திரம். 143 எடுத்தால் வெற்றி என்றிருந்த ஆஸ்திரேலியா 83க்குச் சுருண்டது, தொடைக் காயத்தோடு வந்து பந்து வீசிய கபில்தேவுக்கு ஐந்து விக்கெட். கவாஸ்கர் செய்தது சரி என்று எனக்கு இன்னமும் எழுதுகிற கோஷ்டி ஒன்று உண்டு. அவரே வருந்தியதாகச் சொல்லிவிட்டார், இவர்கள் விடுவதாக இல்லை. மட்டையில் பட்டதா என்பது அல்ல என் பிரச்சினை. பட்டிருக்கட்டும். அதற்குச் சௌகான் ஏன் வெளியே வர வேண்டும்?

உங்கள் விஷயத்தில் ஏஸ் தோற்றது கவாஸ்கர், அதற்குப் பிறகு போன பணம் சௌகான். கோட்டருகே நிற்க ஒரு துரானி தேவைப்பட்டார். உங்களோடு வந்த நண்பர்கள் எங்கே இருந்தார்கள்? பக்கத்து மேசையில் அவரவர் நியாயத்தைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். அடுத்த தடவை ஆடத் தெரியாத ஒருவரை அழைத்துப் போங்கள், ஏடிஎம் கார்டை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு முறை வாங்கின சிப்ஸ் தீர்ந்தால் நீங்கள் என்ன கெஞ்சினாலும் தரக் கூடாது என்று நல்ல புத்தியோடு இருக்கும்போதே சொல்லி வையுங்கள். மூச்சை உள்ளே இழு, பத்து வரை எண்ணு என்பதையெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பத்து எண்ணுவதற்குள் டீலர் அடுத்த சீட்டைப் போட்டுவிடுவார்.

இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, என் பழைய சண்டையையும் போட்டுவிடுகிறேன். ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள்தான் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது. அப்புறம் 2025இல், காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூடி வைக்க வேண்டும் என்று தமிழக அரசு விதி போட்டது, அதையும் அதே உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் இணையப் பண ஆட்டம் அத்தனைக்கும் தடை போட்டதால் அந்த வழக்காடலுக்கு வேலை குறைந்தது, அது வேறு விஷயம். சதுரங்கத்துக்கு யாராவது இப்படி நேரம் குறித்திருக்கிறார்களா? தூக்கம் கெட்டு, பணம் விட்டு, எரிச்சலில் இருப்பவன் விரலை வைத்து ஓடிய வியாபாரம் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திறமை ஆட்டம் என்று வாதாடிய வக்கீல்களில் யாராவது, இரவு இரண்டு மணிக்கு, ஏஸ் தோற்ற பிறகு அந்தத் திறமை எங்கே போயிருக்கும் என்று எழுதி அனுப்பினால் அப்படியே பிரசுரிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், போன முறை ஒருவர் பதினொரு பக்கம் அனுப்பியிருந்தார்.