பொண்ணு ட்ரிபிள் ஈ கேக்குறா, சேத்துவிடலாமா?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, ட்ரிபிள் ஈ, அதான் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, சொந்தக்காரங்க எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடுங்கறாங்க, என்ன பண்றது?

தாராளமா சேத்துவிடுங்கண்ணே. பஸ்ஸு, ரயிலு, அடுப்பு, பம்புசெட்டுன்னு டீசல்லயும் கேஸ்லயும் ஓடுனதெல்லாம் ஒண்ணொண்ணா கரண்டுக்கு வந்துகிட்டிருக்கு. ஆனா என்னத்த படிக்கிறாங்கறதுதான் முக்கியம்.

உங்க வயலையே எடுத்துக்குங்க. குறுவை சமயத்துல எல்லாரும் ஒரே நேரத்துல மோட்டார் போட்டா லைன் கடைசியில இருக்கறவருக்கு வோல்டேஜ் இறங்கிடும், இறங்குனா மோட்டார் அதே தண்ணிய தள்ள ஜாஸ்தி ஆம்ப்ஸ் இழுக்கும், காயில் சூடேறி கருகிடும், அப்பறம் ரீவைண்டிங் கடைக்கு தூக்கிட்டு ஓடணும். 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைனையே வயல்கிட்ட வரைக்கும் இழுத்து அங்கங்க சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வச்சா இது குறையும். இப்ப அதே லைன்ல மாடிக்கு மாடி சோலார் வந்துட்டா மத்தியானம் வோல்டேஜ் ஏறும், சாயங்காலம் எல்லாரும் லைட்டு ஃபேன் போடறப்ப சோலார் இருக்காது. இன்னொண்ணு, நம்ம கரண்டு செகண்டுக்கு 50 தடவ மாறி மாறி வரும், அதத்தான் 50 ஹெர்ட்ஸும்பாங்க; நெய்வேலி கரண்டு உற்பத்தி நிலையத்துல சுத்துற டர்பைனோட கனமே அது சட்டுனு விழாம தாங்கிப்புடிக்கும், சோலார் கரண்ட வீட்டு கரண்டா மாத்தற இன்வெர்ட்டர்ல சுத்தறதுக்கு ஒண்ணுமே கெடையாது, அந்த வேலைய பேட்டரியும் கன்ட்ரோல் ப்ரோக்ராமும்தான் செஞ்சாகணும். அதனால பவர் எலக்ட்ரானிக்ஸ், பவர் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல்னு மூணு பாடமும் அவளுக்கு தண்ணிபட்ட பாடா இருக்கணும், கூடவே பைத்தான்கற ப்ரோக்ராம் மொழியும் கத்துக்கட்டும்.

2018 கஜா புயல்ல வேதாரண்யம் பக்கம் போஸ்ட் எல்லாம் சாஞ்சு எத்தன நாள் இருட்டுல கெடந்தாங்க. எங்க கேபிள் புதைக்கணும், எங்க போஸ்டே போதும்னு கணக்கு போடத் தெரிஞ்ச இன்ஜினியர் நம்ம டெல்டாவுலேர்ந்தே வரணும்னு எனக்கு ரொம்ப ஆசைண்ணே.

சம்பளம் ஆரம்பத்துல சாஃப்ட்வேர் அளவுக்கு இல்லாம போகலாம், அதையும் சொல்லிடறேன். கவர்மென்ட் கம்பெனி வேணும்னா கேட் (GATE)ங்கற இன்ஜினியரிங் எக்ஸாமுக்கு மூணாவது வருஷமே உக்காந்து படிக்கட்டும்.

கவுன்சிலிங்ல சாய்ஸ் போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு காலேஜுக்கு நேர்ல போங்க. மெஷின் லேப்ல புள்ளைங்களே கனெக்ஷன் குடுக்குதா இல்ல சார் காட்டுறத பாத்து ரெக்கார்டு மட்டும் எழுதுதா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட அவங்களே செய்யறாங்களா காசு குடுத்து வாங்குறாங்களான்னு சீனியர் பசங்ககிட்ட தனியா கேளுங்க. லேப் நல்லா ஓடுற காலேஜுக்கு கட்-ஆஃப் கம்மியா இருந்தாலும் அதையே மேல போடுங்க.