'நாட்டாமை பண்ணாதே' என்றால் என்ன பொருள்?

ஊர்த்தலைவரைக் குறிக்கும் சொல் எப்படித் திட்டாக மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். நாட்டாண்மை என்பதன் பேச்சு வடிவம்தான் நாட்டாமை. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் பொறுப்புக்கும், அதில் இருப்பவருக்கும் அதே பெயர். அந்தப் பொறுப்பே இல்லாமல் தோரணையை மட்டும் எடுத்துக்கொள்பவரைத்தான் இப்படிச் சொல்கிறோம். கல்யாணப் பந்தியில், பெண் வீடும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை, ஆனாலும் "தம்பி, சாம்பாரை அந்த வரிசைக்கு முதல்ல கொண்டு போ" என்று விரட்டிக்கொண்டே நிற்பாரே, அவர் செய்வது அசல் நாட்டாமை! மேலாளர் வேலை ஏவினால் அது அதிகாரம். பக்கத்து மேசைக்காரர் ஏவினால் நாட்டாமை. கேட்காமலே கருத்து மட்டும் சொல்பவர் அதிகப்பிரசங்கி, அது வேறு ரகம். நண்பனிடமோ தம்பி தங்கையிடமோ 'நாட்டாமை பண்ணாதே' என்று நேராகவே சொல்லலாம். மாமனாரிடம் மட்டும் வேண்டாம்.