உமிழ்வுக் கணக்கு டேட்டாபேஸ்: உங்கள் கேள்விகள்

ஒரு நாடு எவ்வளவு பசுங்குடில் வாயுக்களை (பூமியைச் சூடாக்கும் வாயுக்களை) வெளியிடுகிறது என்ற கணக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ் பற்றி வந்த கேள்விகள் இவை.

டேட்டாபேஸ் மென்பொருளில் போஸ்ட்கிரெஸ் நல்லதா, மாங்கோ டிபி நல்லதா? (கோவை மாணவர்)

எது கைவசமோ அது. ஒரு நாட்டின் ஆண்டுக் கணக்கைப் பழைய லேப்டாப்பே தாங்கும். என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கு. வகை, வாயு, எரிபொருள், ஆண்டு எல்லாம் ஒன்றையொன்று சார்ந்த டேபிள்கள். அதைவிட முக்கியம், அலகும் மூலமும் இல்லாத எந்த எண்ணையும் உள்ளே விடாதீர்கள். அந்த இரண்டு ஃபீல்டுகளையும் கட்டாயமாக்கிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசலாம்.

அறிக்கையில் கேட்பது கார்பன் டை ஆக்சைடு சமான டன்தானே? அதை மட்டும் சேமித்தால் போதாதா? (சென்னை, ஐ.டி. ஊழியர்)

போதவே போதாது. எனக்கு பி.பி. ஏற்றும் கேள்வி இது. சமான டன் என்பது ஒவ்வொரு வாயுவின் டன்னையும் அதன் சூடாக்கும் திறனுக்கான எண்ணால் பெருக்கி, கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றியது.

ஒரு குப்பைமேட்டிலிருந்து வரும் 100 டன் மீத்தேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிசிசியின் (ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு) 2வது மதிப்பீட்டு அறிக்கைப்படி 21ஆல் பெருக்கினால் 2,100 டன். 4வது அறிக்கையில் 25, 5வதில் 28. குப்பைமேடு அதேதான், வாயுவும் அதேதான். விடை மட்டும் மூன்று. பாரிஸ் ஒப்பந்த விதிகளின்படி இப்போது 5வது அறிக்கையின் 100 ஆண்டு மதிப்புகளில்தான் கணக்குக் கொடுக்க வேண்டும். சரி, பழைய மொத்தத்தை 28/21 என்று பெருக்கிவிடலாமே என்பீர்கள். நைட்ரஸ் ஆக்சைடு எதிர்த்திசையில் போகிறதே! 310, 298, 265 என்று இறங்குகிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சேமித்திருந்தால் பிரிக்க வழியில்லை.

உமிழ்வுக் காரணிகளும், அதாவது ஓர் அலகு செயல்பாட்டுக்கு எவ்வளவு வாயு வரும் என்ற எண்களும், இப்படித்தான் மாறும். நெல்வயல் மீத்தேனுக்கு ஐபிசிசியின் 2006 வழிகாட்டி தந்த பொது மதிப்பு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.3 கிலோ, 2019 திருத்தத்தில் 1.19. காரணி மாறினால் இந்த ஆண்டை மட்டும் மாற்றிவிட்டுப் போக முடியாது, பழைய ஆண்டுகளையும் மறுகணக்கிட வேண்டும். ஆகவே செயல்பாட்டுத் தரவு (எரித்த எரிபொருள், பயிரிட்ட பரப்பு போன்றவை) ஒரு டேபிள், காரணி (மூலம், எந்த ஆண்டுகளுக்குப் பொருந்தும் என்பது சகிதம்) இன்னொன்று, 21, 28 போன்ற பெருக்கு எண்கள் மூன்றாவது. உமிழ்வை வாயுவாரியாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் பதிப்பு எண் போடுங்கள். வெளியிட்ட பதிப்பைப் பூட்டுங்கள். அதன் மேல் எழுதாதீர்கள்.

ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் நிரல் முழுக்க 21 என்று நேரடியாக எழுதிவைத்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் 'தேடி மாற்று' போட்டு 28 ஆக்கினார். 2021 எல்லாம் 2028 ஆகிவிட்டது.

தரவு கிடைக்காத இடத்தில் பூஜ்யம் போடலாமா? (யாழ்ப்பாணம்)

கூடாது. அதற்கென்று குறியீடுகள் உண்டு. நாட்டில் அந்தத் தொழிலே இல்லையென்றால் 'என்ஓ' (NO). தொழில் உண்டு, கணக்கிடவில்லை என்றால் 'என்இ' (NE). வேறு வகையில் சேர்த்துவிட்டால் 'ஐஇ' (IE), எதில் சேர்த்தீர்கள் என்ற குறிப்போடு. எண்ணுக்கு ஒரு ஃபீல்டு, குறியீட்டுக்கு ஒரு ஃபீல்டு வையுங்கள்.

என் எண் நாட்டின் அறிக்கையோடு பொருந்தவில்லை. என்ன தவறு? (பெயர், ஊர் இல்லை)

இரண்டு எண்களை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். என்ன எரிபொருள், எந்த ஆண்டு, என்ன அலகு, ஒன்றும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. ஆனாலும் ஒன்று மற்றதைப் போல 3.7 மடங்கு இருக்கிறது. இது 44/12, அதாவது கார்பன் டை ஆக்சைடு எடைக்கும் அதிலுள்ள கார்பன் எடைக்கும் உள்ள விகிதம். ஒருபுறம் கார்பன், மறுபுறம் கார்பன் டை ஆக்சைடு. மறுபடியும் சொல்கிறேன், அலகும் மூலமும்!

2020க்கு இந்தியாவின் உமிழ்வு 296 கோடி சமான டன் என்கிறார்கள், 244 கோடி என்றும் சொல்கிறார்கள். எது சரி? (சேலம்)

இரண்டும். முதலாவது நிலப்பயன்பாடும் காடும் சேராதது; இரண்டாவது அவை உறிஞ்சியதைக் கழித்த நிகர மதிப்பு. உறிஞ்சுவதை மைனஸ் குறியோடு சேமியுங்கள்.

நிலக்கரிக்கு ஐபிசிசி பொதுக் காரணியே போதுமா? (நெய்வேலி)

நாட்டுக்கான மதிப்பு இருக்கும்போது கூடாது. பிட்டுமினஸ் நிலக்கரிக்குப் பொது வெப்ப மதிப்பு டன்னுக்கு 26 கிகாஜூல். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரி 19ஐ ஒட்டித்தான் வரும். முன்னதை வைத்தால் டன்னுக்கு 2.4 டன் கார்பன் டை ஆக்சைடு, பின்னதில் 2க்கும் கீழே. உங்கள் ஊர் லிக்னைட் தனி எரிபொருள், அதைத் தனி வரியாக வையுங்கள்.

வீடுகளின் கரண்ட் பயன்பாட்டை எந்த வகையில் சேர்ப்பது? (ஈரோடு)

எதிலும் வேண்டாம். அனல்மின் நிலையத்திலேயே எண்ணியாகிவிட்டது.

விறகும் விமானமும்? (மதுரை)

விறகின் கார்பன் டை ஆக்சைடு ஆற்றல் துறை மொத்தத்தில் சேராது, தகவல் வரியாக (மொத்தத்தில் கூட்டாமல் தனியே காட்டும் வரியாக) மட்டும் வரும். அதன் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மொத்தத்தில் சேரும். மதுரை-சென்னை விமானத்தின் எரிபொருள் உள்நாட்டுக் கணக்கு. சென்னை-சிங்கப்பூர் என்றால் அதுவும் தகவல் வரிதான். இரண்டுக்கும் 'மொத்தத்தில் சேருமா' என்று ஓர் ஆம்/இல்லை ஃபீல்டு போதும்.