பில் ஏறுது, கைல காசு நிக்கல: மூணாவது சிஎன்சி வாங்கலாமா?

கேள்வி: சார் வணக்கம். கோயம்புத்தூர் கணபதில வாடகை ஷெட்ல ரெண்டு சிஎன்சி டர்னிங் மெஷின் (கம்ப்யூட்டர்ல ஓடற லேத்) வச்சு ஆறு வருஷமா ஜாப் வொர்க் பண்றேன். முக்கால்வாசிக்கு மேல ஒரே பம்ப் கம்பெனி வேலைதான், பேரிங் ஹவுசிங் கடைஞ்சு குடுக்கறேன், பீஸுக்கு 22 ரூபா. ரெண்டு ஷிஃப்டும் ஓடுது, மாசம் ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் கம்மியா பில் போடறேன். ஆனா மாசக்கடைசில கைல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. பேமென்ட் வர நாலு மாசம் ஆகுது. வீட்டுக்காரம்மா நகை பேங்க்ல இருக்கு, வெளில ரெண்டு வட்டிக்கு 3 லட்சம் வாங்கிருக்கேன். இப்ப டீலர் ஒருத்தர் இன்னொரு மெஷின் லோன்லயே எடுத்து தர்றேங்கறாரு, கம்பெனிலயும் வேலை கூட தர்றேங்கறாங்க. மூணாவது மெஷின் போட்டா இதுல இருந்து வெளிய வந்துரலாமா?

பதில்:

தம்பி, இப்ப வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

போன்ல உங்ககிட்ட கேட்டு வாங்குன கணக்க முதல்ல போட்டு பாப்போம். அந்த ஹவுசிங்குக்கு சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸ் கடைய மெஷின் எடுக்கற நேரம், 4 நிமிஷம்னு சொன்னீங்க, அப்ப மணிக்கு 15 பீஸ், 22 ரூபான்னா 330 ரூபா. ரேட் பேசும்போது உங்க மனசுல இருந்தது இந்த 330தான். ஆனா 8 மணி நேர ஷிஃப்டுக்கு நிஜமா எத்தன பீஸ் வெளிய வருதுன்னு கேட்டதுக்கு கொஞ்சம் யோசிச்சிட்டு "85 வரும் சார்" னீங்க பாருங்க, அங்கதான் விஷயமே இருக்கு. 85ஐ 22ஆல பெருக்குனா 1,870, அத 8 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 234 ரூபாதான்.

இப்ப செலவு. ஒரு மெஷினுக்கு ஈஎம்ஐ 28,000, ரெண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர் சம்பளம் 40,000, ஈபி 12,000, இன்சர்ட் (வெட்டற முனை) கூலன்ட் எல்லாம் சேர்த்து 12,000, ஷெட் வாடகை ஆட்டோ வாடகை ஆடிட்டர் ஃபீஸ் இதுல அந்த மெஷினோட பங்கு 15,000. மொத்தம் 1,07,000. மாசம் 26 நாள், நாளைக்கு 16 மணி நேரம்னா 416 மணி நேரம். வகுத்து பாத்தா மணிக்கு 257 ரூபா செலவு. வர்றது 234, போறது 257. மெஷின் ஓடுற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 23 ரூபா நீங்க கைல இருந்து போட்டுட்டு இருக்கீங்க, ரெண்டு மெஷினுக்கும் சேர்த்து மாசம் 19,000 கிட்ட. இதுல உங்க சம்பளம் இல்ல, வீட்டுக்காரம்மா உக்காந்து பில் போடறதுக்கும் சலான் எழுதறதுக்கும் சம்பளம் இல்ல, அந்த 3 லட்சத்துக்கு கட்ற மாசம் 6,000 வட்டியும் இல்ல. நகை எங்க போச்சுன்னு இப்ப தெரியுதுங்களா?

இந்த நிலமைல மூணாவது மெஷின் போட்டா என்ன ஆகும்? 23 ரூபா நஷ்டத்துல ஓடுறது ரெண்டுக்கு பதிலா மூணு மெஷின் ஆகும், நாலு மாசம் வெளிய நிக்கற பணமும் அதே மாதிரி பெருசாகும். நான் 22 வருஷம் பேங்க்ல எம்எஸ்எம்ஈ (குறு, சிறு, நடுத்தர தொழில்) லோன் டெஸ்க்ல இருந்தவன், இதே மாதிரி ஒருத்தருக்கு "ஆர்டர் இருக்கே, டர்ன்ஓவர் ஏறுதே" ன்னு மெஷின் லோன் நானே ரெகமண்ட் பண்ணி குடுத்திருக்கேன். ரெண்டு வருஷத்துல அந்த மெஷினோட சேர்த்து பழசும் போச்சு. அவரு கெட்டிக்காரருதான், தப்பு பேப்பர்ல இருந்த டர்ன்ஓவர மட்டும் பாத்த என் மேலதான். டீலர் மேலயும் கோபப்பட முடியாது, மெஷின் விக்கறது அவர் வேலை.

சரி, மணிக்கு 15னா ஷிஃப்டுக்கு 120 பீஸ் வரணும், அது ஏன் 85 ஆச்சு? சைக்கிள் டைம்ல லோடிங் அன்லோடிங் சேராது, அது ஒண்ணு. மத்தத நீங்களே சொன்னீங்க: இன்சர்ட் உடைஞ்சா ஸ்டாக் இல்லாம கடைக்கு ஓடறது, வேற பார்ட்டுக்கு மாத்தும்போது ஜா போரிங் பண்ணி (பீஸ பிடிக்கற ஜாவ அளவுக்கு கடைஞ்சு) செட்டிங் எடுக்க ஒன்றரை மணி நேரம், ஃபவுண்ட்ரில இருந்து காஸ்டிங் (வார்ப்பு) வராம மெஷின் சும்மா நிக்கறது, நைட் ஷிஃப்ட் பையன் பீஸ் சைஸ் தவறிடுச்சுன்னா உங்களுக்கு போன் பண்ணிட்டு உக்காந்துக்கறது. அப்பறம் அந்த புளோ ஹோல் கதை. கடைஞ்சு முடிச்ச பிறகு காஸ்டிங் உள்ள ஓட்டை தெரியுது, கம்பெனி அந்த பீஸ தள்ளிடுது, கடைஞ்ச கூலியும் தர்றதில்ல. காஸ்டிங் அவங்க அனுப்புனது, ஓட்டை ஃபவுண்ட்ரியோடது, நஷ்டம் மட்டும் உங்களுதா? இத ரேட் பேசும்போதே எழுத்துல வாங்கணும், காஸ்டிங் ரிஜெக்‌ஷன்னா கூலில பாதியாவது வரணும்னு. கேட்டா தர்றாங்க தம்பி, நம்ம ஆளுங்க கேக்கறதே இல்ல.

ஒரு நோட்டு போடுங்க, சாஃப்ட்வேர்லாம் வேணாம். மெஷின் பக்கத்துல தொங்கட்டும். ஷிஃப்ட்ல மெஷின் எப்பல்லாம் நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சு, எத்தன நிமிஷம், அவ்வளவுதான். ஒரு மாசம் ஆபரேட்டர திட்டாம எழுத வைங்க, திட்டுனீங்கன்னா பொய் எழுதுவாங்க. மாசக்கடைசில பெரிய காரணம் ரெண்டு மட்டும் எடுத்து சரி பண்ணுங்க. 85 பீஸ் 100 ஆனாலே மணிக்கு 275 ரூபா ஆயிடும், 19,000 நஷ்டம் மாறி 15,000 மிச்சம் நிக்கும், புது மெஷின் இல்லாமலே. இன்சர்ட் செலவு கொஞ்சம் கூடும், அத கழிச்சாலும் மிச்சம்தான்.

இந்த நோட்டு விஷயத்த சொன்னா "இதெல்லாம் பெரிய கம்பெனிக்கு சார்" ம்பாங்க. மும்பை பக்கத்துல தாராப்பூர், உம்பர்காவ் ஏரியா துணி மில்லுங்கள்ல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்களும் உலக வங்கி ஆளுங்களும் சேர்ந்து ஒரு சோதனை பண்ணாங்க, 2013ல வெளியாச்சு. சில மில்லுக்கு மட்டும் ஆலோசகர்கள அனுப்பி மெஷின் ஏன் நிக்குது, ஸ்டாக் எங்க கிடக்குது, டிஃபெக்ட் எங்க வருதுன்னு எழுதி வைக்கற மாதிரி பழக்கங்கள புகுத்துனாங்க, முதல் வருஷத்துலயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடுச்சு. அதெல்லாம் நூத்துக்கணக்குல ஆள் வேலை செய்யற மில்லுங்க, நம்ம ஷெட்டோட ஒப்பிட முடியாதுதான், ஆனா அங்கயே முதலாளிங்களுக்கு இது தெரியாம இருந்ததுங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஒன்பது வருஷம் கழிச்சு திரும்ப போய் பாத்தா புகுத்துன பழக்கத்துல பாதிய விட்டுட்டாங்களாம், அப்பவும் மத்த மில்லுங்கள விட முன்னாடிதான் இருந்தாங்க.

அதுக்காக கடனே கெட்டதுன்னு நான் சொல்லல. இலங்கைல 2005ல ரொம்ப சின்ன தொழில் பண்றவங்களுக்கு, சைக்கிள் ரிப்பேர், தையல், பெட்டிக்கடை மாதிரி, அந்த ஊர் காசுல 10,000 இல்ல 20,000 ரூபா சும்மாவே குடுத்து பாத்தாங்க, போட்ட முதலுக்கு மாசம் 5 சதவீதம் கிட்ட வருமானம் வந்துச்சு. பொம்பளைங்க நடத்துன தொழில்ல மட்டும் அந்த அளவு வரல, அது தனி கதை. அவங்களுக்கு தடையா இருந்தது முதல்தான், அத குடுத்ததும் ஓடுச்சு. உங்களுக்கு தடை மெஷின் இல்ல, இருக்கற மெஷினோட நேரமும் வெளிய மாட்டிக்கிட்ட பணமும்தான். வளர்ற நாடுகள்ல சின்ன தொழில் ஏன் வளரலன்னு கேட்டா எல்லாரும் கடன் கிடைக்கலன்னு ஒரே பதில்தான் சொல்றாங்க, ஆனா எந்தக் கடன் கிடைக்கலங்கறத யாரும் கேக்கறதில்ல.

இப்ப அந்த நாலு மாச பணத்துக்கு வருவோம். மாசம் 1,95,000 பில்லுன்னா நாலு மாசத்துக்கு 7,80,000 உங்க காசு வெளிய வட்டியில்லாம கிடக்குது, அதுல முக்கால்வாசிக்கு மேல பம்ப் கம்பெனிகிட்ட. ஜிஎஸ்டிய மட்டும் பணம் வந்தாலும் வராட்டியும் அடுத்த மாசமே நீங்க கட்டணும். அதாவது நீங்க ரெண்டு வட்டிக்கு வாங்கி அவங்களுக்கு சும்மா கடன் குடுத்துட்டு இருக்கீங்க.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது சின்ன தொழில்னு மத்திய அரசுகிட்ட பண்ற பதிவு, இருக்குதுன்னீங்க, நல்லது. 2006 எம்எஸ்எம்ஈ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, இல்லாட்டி 15 நாள்ல பணம் தரணும். தவறுனா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட்ல மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இந்த சட்டம் வந்து இத்தன வருஷமாகியும் யாரும் மதிக்கல, ஏன்னா வேலை குடுக்கற கம்பெனி மேல எவன் கேஸ் போடுவான்? இதுக்குன்னு மாநில அரசு வச்சிருக்கற கவுன்சிலுக்கு போனா தீர்ப்பு சாதகமா வரலாம், அப்பீல் போகணும்னா கம்பெனி 75 சதவீதத்த முதல்ல கட்டணும், எல்லாம் சரி, ஆனா அடுத்த மாசம் காஸ்டிங் வராது. அதனால அது கடைசி ஆயுதம், கம்பெனியோட உறவு முடிஞ்ச பிறகு எடுக்க வேண்டியது.

இப்ப கைல இருக்கறது வேற. 2024 ஏப்ரல் 1ல இருந்து வருமான வரில ஒரு மாத்தம் வந்துச்சு, ஆடிட்டருங்க 43பி(எச்) ம்பாங்க. உங்கள மாதிரி ஆளுக்கு தர வேண்டியத அந்த 15 இல்ல 45 நாளுக்குள்ள தரலன்னா, எந்த வருஷம் நிஜமா பணம் தர்றாங்களோ அந்த வருஷம்தான் அவங்க அத செலவா காட்ட முடியும். மார்ச் 31 தாண்டி நிலுவை நின்னா அந்த வருஷம் அந்த தொகைக்கும் அவங்க வரி கட்டணும். இது நீங்க போடற கேஸ் இல்ல, அவங்க ஆடிட்டரே அவங்கள கேப்பாரு. அதனால பில்லுலயும் சலான்லயும் உத்யம் நம்பர் பிரிண்ட் ஆகட்டும், சர்டிஃபிகேட் காப்பிய ஒரு மெயில்ல அனுப்பி வைங்க, மிரட்டல் தொனி வேணாம், "உங்க ஆடிட் தேவைக்காக" ன்னு எழுதுங்க. சில கம்பெனிங்க உத்யம கேன்சல் பண்ணிட்டு வாங்கன்னு சொல்றாங்கன்னும் கேள்விப்படறேன், அப்படி சொன்னா அங்க வேலை பாக்கறதையே யோசிக்கணும்.

அந்த கம்பெனி டர்ன்ஓவர் 250 கோடிக்கு மேலன்னா டிரெட்ஸ்ங்கற ஆன்லைன் தளத்துல அவங்க சேர்ந்தே ஆகணும். உங்க பில்ல அவங்க அதுல ஒத்துக்கிட்டா ஏதாவது ஒரு பேங்க் உங்களுக்கு முன்னாடியே பணம் குடுத்துட்டு அவங்ககிட்ட பின்னாடி வாங்கிக்கும், அவங்க தரலன்னாலும் உங்கள கேக்க முடியாது. அக்கவுண்ட்ஸ்ல விசாரிங்க.

லோன் வாங்கணும்னா வாங்குங்க, ஆனா வொர்க்கிங் கேபிடல் லோன், மெஷினுக்கு இல்ல, அன்னாட செலவ ஓட்டறதுக்கு. பேங்க்ல போய் கேஷ் கிரெடிட் (வேணுங்கறப்ப எடுத்து திரும்ப கட்டற கடன் கணக்கு) வேணும்னு கேளுங்க. சின்ன யூனிட்டுக்கு வருஷ டர்ன்ஓவர்ல 20 சதவீதம் தர்ற முறை ஒண்ணு இருக்குது, நாயக் கமிட்டி முறைன்னு சொன்னா மேனேஜருக்கு புரியும். உங்களுக்கு 23,40,000னா 4,68,000 வரும். இந்த அளவு சின்ன கடனுக்கு இந்த மாதிரி யூனிட்டுகிட்ட அடமானம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லி ரொம்ப வருஷமாச்சு, சின்ன தொழில் கடனுக்கு பேங்குக்கு உத்தரவாதம் தர்ற சிஜிடிஎம்எஸ்ஈ திட்டத்துல போடுங்கன்னு நீங்களே சொல்லுங்க, அப்பவும் வீட்டு பத்திரம் கேப்பாங்க, தராம இன்னொரு பிராஞ்சுக்கு போங்க. அந்த பணம் வந்ததும் முதல் வேலை ரெண்டு வட்டிக்காரர முடிக்கறது. 3 லட்சத்துக்கு மாசம் 6,000 கட்டறீங்க, பேங்க்ல 12 சதவீதம்னு வச்சுக்கிட்டாலும் 3,000தான்.

ஒரே கம்பெனிங்கற விஷயம் எனக்கு இன்னும் பயமா இருக்குது. விவசாய பம்புக்கு வெயில் காலம்தான் சீசன், நல்ல மழை பேஞ்சா நாட்டுக்கு நல்லது, உங்க ஷெட்டுக்கு ஆடி மாசத்துல வேலை இருக்காது. இப்ப "வேலை கூட தர்றோம்" ங்கறது சீசன் பேச்சா, வருஷம் முழுக்கவான்னு கேட்டீங்களா? வால்வு, கியர் பாக்ஸ், டெக்ஸ்டைல் மெஷினரின்னு பம்போட சம்பந்தமில்லாத ஒரு கஸ்டமராவது வேணும், நம்ம ஊர் சிறுதொழில் சங்கம் கொடிசியா நடத்தற கண்காட்சிக்கு ஸ்டால் போடாட்டியும் போய் நாலு பேர பாருங்க. ஈபி பத்தி உங்களுக்கு சொல்லத் தேவையில்ல, 2022 செப்டம்பர் ஏத்தத்துக்கு அப்பறம் நிலைக்கட்டணம் எவ்வளவு கடிக்குதுன்னு தெரியும், அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க ஷட்டர இறக்கி போராடுனோம். மூணாவது மெஷினுக்கு லோடு ஏத்துனா அந்த நிலைக்கட்டணம் வேலை இல்லாத மாசத்துலயும் வரும், டீலர் கணக்குல அது இருக்குதான்னு பாருங்க.

மூணு மாசம் தொடர்ந்து ஷிஃப்டுக்கு 100 பீஸ் தாண்டுச்சுன்னா, பேமென்ட் 60 நாளுக்குள்ள வந்துச்சுன்னா, ரெண்டாவது கஸ்டமர் பில்லு மூணுல ஒரு பங்கு ஆச்சுன்னா, அந்த நோட்டோட எனக்கு போன் பண்ணுங்க, மெஷின் கொட்டேஷன நானே உக்காந்து பாக்கறேன். அதுவரைக்கும் டீலர்கிட்ட "பாக்கலாங்ணா" ன்னு மட்டும் சொல்லி வைங்க, டோக்கன் அட்வான்ஸ்னு அஞ்சாயிரம் கூட குடுத்துறாதீங்க.