ஸ்லீவ் செய்து ஏழு மாதம், நிறை அசையாமல் நிற்கிறது. ஒரு நேரச் சாப்பாட்டை நிறுத்தலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 112 கிலோவில் ஸ்லீவ் சத்திரசிகிச்சை (வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் போல ஆக்குவது), ஏழு மாதத்தில் 86 கிலோ, கடைசி ஆறு கிழமையாகத் தராசு அசையவில்லை. வயிறு திரும்ப விரிந்துவிட்டதோ, இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள், தங்கச்சி. நானும் கொழும்பில் ஸ்லீவ் செய்துகொண்டு யாழ்ப்பாணத்துக் குசினியோடு மல்லுக்கட்டுகிறவள்தான். இப்படி நிற்பது எனக்கும் வந்தது, போனது, பிறகும் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஸ்லீவ் செய்தவர்கள் ஓராண்டு முடியும்போது சராசரியாகத் தொடக்க நிறையில் நாலில் ஒரு பங்கை இறக்கியிருப்பார்கள். 112இல் நாலில் ஒன்று 28. நீங்கள் ஏழு மாதத்திலேயே 26 இறக்கிவிட்டீர்கள். முதல் மூன்று மாதத்து வேகத்தைப் பார்த்துப் பழகிவிட்டதால்தான் இந்த ஆறு கிழமை பெரிய தோல்வி மாதிரித் தெரிகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரைக்கும் நிறை இறங்கும், ஆனால் ஒரே சீராக இறங்காது. நிற்கும், இறங்கும், பிறகும் நிற்கும்.

சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம், மூன்றாம், நாலாம் கிழமைகளில் ஒருதரம் நின்றிருக்குமே, அது வேறு கதை. ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாப்பொருள் முதல் நாட்களில் கரைந்துபோகும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று நாலு கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் சேர்ந்து போய் நிறை மளமளவென்று இறங்கும். பிறகு உடம்பு அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்க்கும்போது கொழுப்பு குறைந்துகொண்டே இருந்தாலும் தராசு காட்டாது. இப்போது உங்களுக்கு வந்திருப்பதற்கு வேறு காரணம். 112 கிலோ உடம்பைக் கொண்டு திரிவதற்குத் தேவைப்பட்ட சக்தி 86 கிலோவுக்குத் தேவையில்லை. அதோடு, நிறை குறையும்போது உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும், குறைந்த நிறைக்குக் கணக்குப் பார்த்ததைவிடவும் கொஞ்சம் கூடவே சுருக்கும். இந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டையும் வெட்டினால் புரதம் குறையும், தசை கரையும், செலவு இன்னும் சுருங்கும். உள்ளதும் கெட்டுப்போகும்.

வயிறு விரிந்துவிட்டதோ என்ற பயமும் வேண்டாம். ஸ்லீவில் வயிற்றில் முக்கால் பங்குக்கு மேலே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுகிற குழாய் முதல் மாதங்களில் வீக்கத்தோடு இருப்பதால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. வீக்கம் வற்றினதும் கொஞ்சம் கூடச் சாப்பிட முடிவது வழமையானது.

சரி, எங்கே பார்க்க வேண்டும்? என் அனுபவத்தில், எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட எது தடையில்லாமல் இறங்குகிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒருநாள் காலமை அவித்த முட்டையும் ஒரு மீன் துண்டும் மென்று, அரை மணித்தியாலம் எடுத்துச் சாப்பிடுங்கள். இன்னொரு நாள் இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுச் சாப்பிடுங்கள். மீன் பாதியிலேயே காணும் என்று நிறுத்திவிடும். இடியப்பம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வழுக்கிக்கொண்டு போகும், பத்தரை மணிக்குத் திரும்பவும் வயிறு கேட்கும்.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, முடிந்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்களும் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டுப் பெருமையாக இருக்கிறோம். சொதியை யார் கணக்கில் எடுக்கிறோம்? அதுவும் தண்ணீர்தானே, சாப்பாட்டைக் கரைத்துக் கீழே தள்ளுகிறதுதானே. போதாததற்கு முதற்பாலில் செய்த சொதி. தேங்காயின் கட்டிப்பால் 100 மில்லியில் ஏறத்தாழ 200 கலோரி இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது கப்பிப்பாலில் (பிந்திப் பிழிகிற தண்ணிப்பால்) தான் சொதி. எனக்கு அதிலும் இடியப்பம் நனைகிற அளவுக்குத்தான், மிதக்கிற அளவுக்கு இல்லை. மாமிக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.

பிளேன் டீயில் தோய்த்த கிறீம் கிறாக்கர், ரஸ்க், பின்னேரம் கொறிக்கிற மிக்சர், ஐஸ்கிறீம் எல்லாம் இதே இனம். வாயில் கரைந்து குழாயில் வழிந்து போய்விடும், நிறைந்த உணர்வே வராது. ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கலோரிதான், ஆனால் நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் 128. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று ஊரில் சொல்வார்கள். உங்கள் நிறையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

கூழ் பற்றியும் கேட்பீர்கள். நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாம் போட்டதுதானே, அவ்வளவும் புரதம் அல்லவா? அந்தத் துண்டுகள் புரதம்தான், கூழில் கரைக்கிற ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) மாப்பொருள். துண்டுகளை எடுத்து ஆறுதலாகச் சாப்பிடுங்கள், கூழை ருசிக்கு இரண்டு வாய் குடித்துவிட்டுச் சிரட்டையை அடுத்தவரிடம் கொடுங்கள்.

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற இலக்கு. சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் இருக்கும், ஒரு முட்டையில் 6. கோழி வரண்டு நெஞ்சில் நிற்கிறவர்களுக்குச் சுறா வறை நல்ல வழி. ஈரப்பதமாக உதிர்ந்து இருப்பதால் கஷ்டமில்லாமல் இறங்கும், ஆனால் சொதி போல ஓடாது. தேங்காய்ப்பூவை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டில் முதலில் புரதம், அடுத்தது மரக்கறி, இடம் மிஞ்சினால் சோறோ பிட்டோ. இந்த ஒழுங்கு மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இனி நல்லூர்த் திருவிழா. எனக்கு நிறை நீண்ட நாள் நின்றது அந்த 25 நாளிலும் அதைச் சுற்றியும்தான். கொடியேறினால் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இதில் சிக்கல் என்னவென்றால், மற்றவர்கள் பருப்புக் கறியை அள்ளிப் போட்டுச் சாப்பிடுவார்கள், எங்களுக்கு மூன்று மேசைக்கரண்டி போனால் பெரிய காரியம். அதில் நாலைந்து கிராம் புரதம் வருமோ என்னவோ. மிச்ச இடத்தை வடையும் மோதகமும் பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த மாதத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். காய்ந்த சோயா மீற்றில் ஏறத்தாழப் பாதி புரதம், வடிவாக ஊறவைத்துப் பிழிந்து சமைத்தால் மென்மையாகவும் இருக்கும் (பைக்கற்றோடு வருகிற உப்புத்தூளைத் தூக்கி எறியுங்கள்). கட்டித் தயிர், அவித்த பயறு, கடலை என்று நாளுக்கு ஐந்து தரம் சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் சீனி சேர்க்காத புரத மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதில் வெட்கமில்லை.

விரதம் பிடிக்கலாமா என்றால், முதல் ஆண்டில் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் என்று இருப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். தண்ணீர் ஒரே தரத்தில் குடிக்க முடியாத வயிறு இது, நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடித்தால்தான் ஒன்றரை லீற்றரைத் தாண்டும். முருகன் கோபிக்கமாட்டார். மாமி கோபிப்பா, அதைச் சமாளிக்கலாம்.

தராசைப் பற்றி ஒரு சொல். தினமும் ஏறாதீர்கள். கிழமையில் ஒருநாள், காலமை, மலசலகூடம் போய்வந்த பிறகு, அதே உடுப்போடு. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் தண்ணீர் தேங்கி ஒன்று இரண்டு கிலோ கூடக் காட்டும், மலச்சிக்கலும் அப்படித்தான். அளவு நாடாவையும் பாவியுங்கள். எனக்குத் தராசு அசையாமல் நின்ற நேரத்தில்தான் சேலைச் சட்டையைப் பக்கத்தில் பிடிக்கக் கொடுத்தேன். தையல்கார அக்கா இரண்டு பக்கமும் குண்டூசி குத்திவிட்டு, "இதுக்கு மேலை பிடிச்சால் கைவெட்டு இழுக்கும் பிள்ளை, புதுசாத் தைப்பம்" என்றா. இடுப்பும் கையும் சுருங்கியிருக்கிறது, நிறை மட்டும் அங்கேயே நிற்கிறது.

நடப்பதோடு நின்றுவிடாதீர்கள். பண்ணைக் கரையில் பின்னேரம் நடப்பது மனதுக்கும் உடம்புக்கும் நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற அது மட்டும் காணாது. கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்கி இறக்குவது, இவை போதும் தொடங்குவதற்கு. தொடங்கின முதல் கிழமைகளில் தசை தண்ணீர் பிடித்து நிறை அரைக் கிலோ கூடினாலும் கூடும். பயப்படாதீர்கள்.

"இவ்வளவு காசு குடுத்து வெட்டினது, பிறகும் உப்பிடியே நிக்கிறாய்" என்று கேட்கிற சனம் உங்களுக்கும் இருக்கும். அதே ஆட்கள்தான் முதல் மாதங்களில் "என்ன பிள்ளை, வருத்தமோ, முகம் வாடிப்போச்சு" என்று கேட்டவர்கள். பதில் சொல்ல மினைக்கெடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் இன்னும் ஒரு மாதம் அசையாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். தைரொயிட், இரும்புச்சத்து, பி12, விற்றமின் டி பார்ப்பார்கள். நீங்கள் எடுக்கிற மருந்துகளையும் சொல்லுங்கள். இன்சுலின், ஸ்டீரொயிட், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், மூன்று மாதத்துக்கு ஒருதரம் போடுகிற கருத்தடை ஊசி, இவை நிறையைப் பிடித்து வைக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்தவேண்டாம், மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள். நிறை நிற்பதோடு மாதவிடாயும் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். நிறை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், ஆனால் முதல் ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குத் தள்ளிப்போடச் சொல்வார்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி, தண்ணீர்கூட இறங்கவில்லை, வயிற்று நோ என்றால் மாதக் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே போங்கள்.

பசியைக் குறைத்து நிறையை இறக்குகிற செமகுளுடைட் ஊசி போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிறை திரும்ப ஏறுகிறவர்களுக்கு வைத்தியர்கள் அதையும் கொடுக்கிறார்கள்தான். ஆறு கிழமை நின்றதற்கு அதைத் தேடி ஓடவேண்டியதில்லை, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுப்பித்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு ஒரு கொப்பியில் ஏழு நாள் சாப்பாட்டை எழுதிக்கொண்டு போங்கள், தேத்தண்ணியும் அதோடு கடித்ததும் உட்பட.